மர்ழியா ராத்தா வெட்டாத ஸ்லைட்

செய்தி வந்தபோது நான் கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் மர்ழியா ராத்தாவின் மகள். "புஷ்பா மாமி, உம்மா மவுத்தாகிட்டாங்க. ஸுபஹு தொழுதிட்டுச் சாஞ்சவங்க, எழும்பல்ல. பின்நேரம் அஸர் தொழுகைக்கு முந்தி எடுக்கிறாங்க. முகம் பாக்கணும்ண்டா இப்பவே வாங்க" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. காலையிலிருந்து பத்துப் பதினைந்து பேருக்கு இதையே சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. கீரையை வைத்துவிட்டு மடவளை பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தும் எனக்கு அழ வரவில்லை. ஒன்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இனி அவரிடம் சொல்ல முடியாது என்ற பயம்தான் வந்தது.

வீட்டு முற்றத்தில் ஆண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடியின் தழும்பு அப்படியே இருந்தது. நான் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். எங்களுடைய பழைய ஆய்வுகூடத்தில் வரவேற்பு மேசையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெல்லிய குரலில், "தங்கமான மனுசி. அந்த கம்பளை டீச்சர் விஷயத்துல மட்டும் கை பிசகிருச்சு. அது இல்லைன்னா கடைசி வரைக்கும் அந்தக் கதிரையில ராணி மாதிரி இருந்திருப்பாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவருக்கு முன்னால், அவருடைய ஜனாஸா அந்த வீட்டில் இருக்கும்போதே, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கை பிசகியது அவருக்கு அல்ல, எனக்கு. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எங்களோடு அந்த ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்கள், மடவளையில் அவரைத் தெரிந்தவர்கள், அந்தக் கதையை யார் வாயிலிருந்தோ கேட்டவர்கள் எல்லோரும் கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கம்பளை டீச்சரை இங்கே இந்திராணி டீச்சர் என்கிறேன். அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. மற்ற எல்லாம் உண்மை.

தெரியாதவர்களுக்காக எங்கள் வேலை என்னவென்று சொல்கிறேன். சத்திரசிகிச்சையில் உடம்பிலிருந்து எடுக்கிற இழையத்தைப் போத்தலில் போட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏற்றிச் சாயம் போடுவோம். அதுதான் ஸ்லைட். டாக்டர் அதை நுணுக்குக்காட்டியில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவார். கண்டி நகரத்தில், இப்போது மூடிப்போன ஒரு தனியார் ஆய்வுகூடத்தில், இந்த வெட்டும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மர்ழியா ராத்தா. ராத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். முதலில் 'மிஸ்' என்றுதான் அழைத்தேன். ஒரு மாதம் கழித்து, "மிஸ் மிஸ்ண்டு கூப்பிட நான் என்ன ஸ்கூலா நடத்திய?" என்று கேட்டார். அன்றிலிருந்து ராத்தா.

அவர் வெட்டுவதைப் பார்ப்பது ஒரு சுகம். மெழுகு நாடா அறுபடாமல் பிளேட்டிலிருந்து இறங்கிவரும். நோன்பு மாதத்தில் அவர் கை இன்னும் நிதானமாக இருக்கும். "வயிறு வெறுமையா ஈந்தா கை ஆடாது புஷ்பா, நீங்களும் நோன்பு புடிங்க" என்று கிண்டல் செய்வார். அவருக்கு ஒரு பலவீனமும் இருந்தது. ஸ்லைட் அழகாக இருக்கவேண்டும். கிழிசல், மடிப்பு, ஓட்டை எதுவும் டாக்டர் மேசைக்குப் போகக்கூடாது. "சபையில சாப்பாடு வைக்கிற மாதிரி வைங்க" என்பார். அசிங்கமான ஸ்லைட் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், யார் இருக்கிறார்கள் இல்லை என்று பார்க்கமாட்டார், ஏசிவிடுவார். நானும் வாங்கியிருக்கிறேன். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் முன்னால் என் ஸ்லைட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது என்ன, சல்லடையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொரு வழக்கமும் அவருடையதுதான். ஸ்லைட்டுகளை யார் வெட்டினாலும், அவற்றை அடுக்கிய தட்டு டாக்டரிடம் போகும்போது அதன் ஓரத்தில் ஒரே ஆளின் எழுத்துதான் இருக்கவேண்டும். அவர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, 'ம' என்று எழுதி அனுப்புவார். வேறு ஆய்வுகூடங்களில் இப்படி இல்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். "நாலு பேர்ட பேர் ஈந்தா நாலு பேரும் மத்தவன்ட தலையில போடுவான்" என்றார்.

அவர் என்னைச் சல்லடை என்று ஏசி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, இந்திராணி டீச்சரின் இழையம் வந்தது. வலது அக்குளில் இருந்து எடுத்த ஒரு நிணநீர்க் கணு, அவரைக்கொட்டை அளவு. முன்பு வலது மார்பில் புற்றுநோய் வந்து மார்பை அகற்றியிருக்கிறார்கள் என்று படிவத்தில் எழுதியிருந்தது. அகற்றிய இடத்தில் சிலிக்கோன் பை வைத்திருக்கிறார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. நான் வெட்டத் தொடங்கினேன். முதல் நாடா முழுக்க ஓட்டை. வட்ட வட்டமாக, பெரிதும் சிறிதுமாக. பிளேட்டை மாற்றினேன், மெழுகைக் குளிரவைத்தேன், அப்போதும் ஓட்டை போகவில்லை. சல்லடை என்ற சொல் காதில் கேட்டது. அந்த நாடாக்களை எடுத்துக் குப்பையில் போட்டேன். மேல்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவித் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு பக்கமாக ஓட்டையில்லாத, வழவழப்பான ஒரு பகுதி வந்தது. அதை எடுத்து ஸ்லைட்டில் ஏற்றினேன். அழகாக இருந்தது. ராத்தாவும் பார்த்து, "இப்ப கை வந்தீக்கி" என்று பாராட்டி, தன் எழுத்தைப் போட்டு அனுப்பினார். அந்தப் பாராட்டில் அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

டாக்டர் பார்த்தது நான் காட்டிய பகுதியை. அதன் ஓரத்தில் மட்டும் வீங்கிய உயிர்க்கலங்கள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. பழைய புற்றுநோய் இருக்கிற பெண், அக்குளில் கட்டி, வயிறு உப்பிய கலங்கள். திரும்பி வந்திருக்கலாம், முழுமையாக எடுத்துப் பார்க்கவேண்டும் என்று அவர் எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. பயந்துபோன குடும்பம் ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. வலது அக்குளில் மிச்சமிருந்த கணுக்கள் எல்லாவற்றையும் துப்புரவாக எடுத்துவிட்டார்கள்.

அந்தப் போத்தலும் எங்களிடம்தான் வந்தது. அன்று நான் விடுமுறை, ராத்தா வெட்டினார். அவருக்கும் ஓட்டைகள்தான் வந்தன. முதல் கணுவில் ஓட்டை, இரண்டாவதில் ஓட்டை, எட்டாவதிலும் ஓட்டை. அவர் குப்பையில் போடவில்லை. நாற்பது பேர் இழையத்தை அன்று வெட்டியிருக்கிறார், மற்ற எதிலும் ஓட்டை இல்லை, அப்படியானால் பிழை பிளேட்டில் இல்லை என்று யோசித்திருக்கிறார். ஒரு ஸ்லைட்டை நுணுக்குக்காட்டியில் வைத்து வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார். வெறும் ஓட்டை என்று தெரிந்த இடத்தில் கண்ணாடிச் சில்லுப்போல ஒன்று விளிம்பில் மினுங்கியது. நேரே டாக்டரிடம் ஓடினார்.

அது சிலிக்கோன். சாயம் அதில் ஏறாது. வெட்டுவதற்கு முன் நாங்கள் போடும் திரவத்தில் பாதி கழுவப்பட்டும் போய்விடும். மிஞ்சுவது ஓட்டையும் ஓரத்து மினுக்கமும்தான். பையிலிருந்து மிக நுண்ணிய துளிகளாக அது வருடக்கணக்கில் கசிந்து வெளியே வந்திருக்கிறது. அந்நியமான எதையும் விழுங்கித் தீர்ப்பதற்கென்று உடம்பில் இருக்கும் கலங்கள் அதை விழுங்கியிருக்கின்றன, ஆனால் செரிக்க முடியவில்லை. விழுங்கியதைச் சுமந்துகொண்டு அக்குள் கணுவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டன. வயிறு உப்பிய கலங்கள் என்று டாக்டர் சந்தேகப்பட்டது இவற்றைத்தான். புற்றுநோய் ஒரு துளியும் இல்லை. முதல் கணுவிலேயே ஓட்டைகளோடு ஒரு நாடாவை நான் வைத்திருந்தால், இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு அவசியமே இருந்திருக்காது.

மறுநாள் காலை டாக்டர் எங்கள் அறைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். கையில் முதல் ஸ்லைட். பழைய மெழுகுக் கட்டியையும் அலுமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். முக்கால்வாசி சீவப்பட்டிருப்பது யார் கண்ணுக்கும் தெரியும்.

"இதை ஆர் வெட்டினது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சத்தம் வருவதற்குள் ராத்தா, "நான்தான் டாக்டர். ஓட்டைய வெட்டுப் பிழைண்டு நெனச்சிட்டேன். சீவிப் போட்டுட்டேன்" என்றார்.

டாக்டர் ஸ்லைட்டை மேசையில் வைத்தார். "நீங்களோ மர்ழியா? நம்பேலாமல் கிடக்கு" என்றுவிட்டுப் போனார்.

டாக்டர் போன பிறகு நான் அவரிடம் போய், "ராத்தா, ஏன் அப்படிச் சொன்னீங்க? சீவுனது நான்தானே. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றேன். அவர் பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தட்டு என்ட எழுத்தோட போனது. நீங்க சீவினத நான் பாத்து, நல்லா ஈக்கிண்டு செல்லி அனுப்பினேன். ஸ்லைட் வடிவா ஈக்கணும்ண்டு ஒங்கள ஏசினதும் நான். இப்ப என்னத்தப் பிரிக்கிய? போய் வேலையப் பாருங்க" என்றார். நான் போய் வேலையைப் பார்த்தேன். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் உள்ளதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்று இரண்டு மடங்கு சோறு சாப்பிட்டேன்.

இரண்டு வாரத்தில் நிர்வாகம் அவரை வெட்டும் பகுதியிலிருந்து எடுத்து, கீழ்மாடியில் இரத்தம் எடுக்கும் இடத்துக்கு மாற்றியது. அவருடைய கதிரையில் என்னை உட்காரவைத்தார்கள். அந்தக் கதிரையின் உயரத்தை என் உயரத்துக்கு மாற்ற ஒரு திருகைத் திருகவேண்டும். ஒரு மாதம்வரை திருகாமல் கால் தொங்கிக்கொண்டே இருந்தேன். பிறகு திருகிவிட்டேன். கீழே அவர் கையில் ஊசியோடு சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். பிளேட்டை அவர் அதன்பிறகு தொடவே இல்லை. ஒரு குறையும் சொல்லவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையில்லை. ஒருநாள் மாடிப்படியில் என்னைப் பார்த்து, "கை அரிக்கிது புஷ்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சிரித்து மழுப்பிவிட்டுப் படியேறினேன்.

டீச்சருக்கு நேரில் சொல்லவேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். அறிக்கையை டாக்டர் திருத்தி அனுப்பிவிட்டார், புற்றுநோய் இல்லை என்பதை டீச்சரின் டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் ஏன் இரண்டாம் தடவை வெட்டினார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. "நோய் இல்லைண்டு செல்லிட்டாங்க. நாங்க என்ன செஞ்சம்ண்டு செல்லல்லியே" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பேராதனையிலிருந்து ரயிலில் கம்பளைக்குப் போனோம். வழி முழுக்க, டீச்சரிடம் நானே பேசுகிறேன் என்று ராத்தாவிடம் சொல்லிவிட நினைத்துக்கொண்டே போனேன். மகாவலியைக் கண்டதும் சொல்லலாம் என்று நினைத்தேன், கம்பளை வந்தும் சொல்லவில்லை.

இந்திராணி டீச்சர் முன் அறையில் உட்கார்ந்திருந்தார். வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கி, ஒரு தலையணைமேல் கிடந்தது. கணுக்கள் எல்லாவற்றையும் எடுத்தால் சிலருக்கு நீர் வடியாமல் அப்படி ஆகும். ராத்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சிலிக்கோன், ஓட்டை, குப்பையில் போட்டது, எதையும் விடவில்லை. "நான்தான் வெட்டினது" என்று முடித்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். நான் யார் என்று டீச்சர் கேட்கவும் இல்லை.

டீச்சர் தன் கையைப் பார்த்தார். "இருபத்தோரு வருஷம் போர்டுல எழுதுன கை" என்றார். "இப்ப சோக்கட்டியப் புடிக்க முடியல. நீங்க சொல்லிட்டீங்க, நானும் கேட்டுட்டேன். போயிட்டு வாங்க." மலையகத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு தேத்தண்ணியாவது குடிக்காமல் அனுப்பமாட்டார்கள். அன்று எங்களை அப்படியே அனுப்பினார்கள். ஸ்டேஷனில் ராத்தா முக்காட்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அவ பேசினது சரி" என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் குற்றத்துக்காக அழுகிறவரை நான் தேற்றிக்கொண்டிருந்தேன்.

ஆறேழு மாதம் கழித்து டீச்சரின் சிலிக்கோன் பையையும் அகற்றினார்கள். பையைச் சுற்றி உடம்பு கட்டியிருந்த உறை எங்களிடம் வந்தது. நான்தான் வெட்டினேன், ஒரு ஓட்டையைக்கூட விடாமல் ஏற்றினேன். மத்தியானம் ராத்தா கீழேயிருந்து வந்து, "காட்டுங்க" என்றார். நுணுக்குக்காட்டியில் வைத்த கண்ணை நீண்ட நேரம் எடுக்கவில்லை. இப்படிப் பை வைத்த எல்லோருடைய உடம்பும் அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். அது நோய் அல்ல, உடம்பின் வழக்கம். பலருக்கு அது வெங்காயத்தோல் மாதிரி மெல்லியதாக இருந்துவிட்டுப் போகும், இருப்பதே தெரியாது. சிலருக்குத்தான் தடித்து, சுருங்கி, பையை நெருக்கி, மார்பு கல்லாகி வலிக்கும். டீச்சருடையது தடித்த உறை. நார்கள் அடுக்கடுக்காக, உள்பக்கம் மூட்டுக்குள் இருக்கிற சவ்வுபோல வழுவழுப்பாக, நடுவில் அதே ஓட்டைகள். ஓட்டைகளைச் சுற்றி, தனியாக விழுங்க முடியாமல் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிப்போன கலங்கள்.

"பாவம்" என்றார் ராத்தா, கண்ணை எடுக்காமல்.

"யாரு ராத்தா, டீச்சரா?"

"டீச்சரும்தான். நான் இந்தக் கலத்தச் சென்னேன். தின்னவும் ஏலா, தள்ளவும் ஏலா. அப்பிடியும் விட்டுட்டுப் போகல்ல, பாருங்க, சுத்தி நிண்டுட்டே ஈக்கி."

பிறகு எழுந்து, என் கதிரையின் முதுகை ஒருதரம் தொட்டுவிட்டுக் கீழே போனார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஆய்வுகூடம் மூடப்பட்டது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும், தீபாவளிக்கு என் வீட்டிலிருந்து முறுக்குப் போகும். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கடைசியில், வைக்கப்போகிற நேரத்தில், "அந்த டீச்சர்ட கை எப்பிடி ஈக்காம்?" என்று கேட்பார். எனக்குத் தெரியாது. கம்பளைக்கு நான் திரும்பிப் போகவேயில்லை. "இப்ப நல்லா இருக்காம் ராத்தா" என்பேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். எத்தனை தடவை அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கடைசியாகப் போன மாதம் கேட்டார். போன மாதமும் அதே பொய்யைச் சொன்னேன்.

அவரை மையவாடியில் அடக்கிய நான்காம் நாள் கம்பளைக்குப் போனேன். டீச்சர் அதே வீட்டில்தான் இருக்கிறார். கையில் இறுக்கமான ஒரு உறைச் சட்டை போட்டிருந்தார். வீக்கம் முன்பைவிடக் குறைவு, ஆனால் கை இன்னும் தூக்க வராது. பள்ளிக்கூடத்தை அப்போதே விட்டுவிட்டாராம். உட்காரச் சொன்னார். நான் உட்காராமல், மர்ழியா ராத்தா இறந்துவிட்டார் என்றேன். அவர் பேசுவதற்கு இடம் கொடுத்தால் மறுபடி ஊமையாகிவிடுவேன் என்று பயந்து, ஒரே மூச்சில், அன்று வெட்டியது நான், குப்பையில் போட்டது நான், அவர் எனக்காகச் சொன்னார், நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லி முடித்தேன்.

டீச்சர் என்னை ஏசவில்லை. ஏசுவார் என்றுதான் போனேன். வாசல் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா வருஷா வருஷம் வந்தாங்க, தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது.

"தனியாத்தான் வருவாங்க. கேட்டுகிட்ட நின்னு, கை எப்படி இருக்குன்னு கேப்பாங்க. நான் உள்ள உக்காந்துகிட்டு, இல்லேன்னு சொல்லச் சொல்லிருவேன். ஒருக்கா மழையில நின்னாங்க. ஜன்னல் வழியா பாத்துகிட்டே இருந்தேன். போகட்டும்னு இருந்தேன்." இடது கையால் கேட்டைக் காட்டினார். "எட்டு வருஷம். எட்டு வருஷமா ஒரு தப்பும் செய்யாத மனுசிய கேட்டுல நிக்க வச்சிட்டேனே. நீங்க வாயத் தொறந்திருந்தா நான் கதவத் தொறந்திருப்பேன். என்னையும்ல சேத்துப் பாவியாக்கிட்டீங்க."

அங்கேதான் எனக்கு விளங்கியது. ராத்தா என்னிடம் கேட்டது சும்மா விசாரிப்பு அல்ல. அவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. எனக்குத் திறக்கும், நான் பார்த்துவந்து சொல்கிறேன் என்று நம்பினார். நான் நல்லா இருக்காம் என்று சொன்னபோதெல்லாம் அவர் இறைவனுக்கு நன்றி சொன்னார். இதற்கு என்னிடம் பரிகாரம் ஒன்றும் இல்லை. கம்பளை ஸ்டேஷனில், முன்பு அவர் அழுத அதே மேடையில் நின்று, அவருக்காக முதல்தடவையாக அழுதேன். முதுகைத் தடவ யாரும் இல்லை. இருந்திருக்கவும் கூடாது.

இதை எழுதலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "எழுதுங்க. என் பேரு வேணாம். அந்தம்மா பேரப் போட்டு எழுதுங்க, அவங்க ஊருல வாசிக்கிற மாதிரி" என்றார். ராத்தாவின் மகளிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் உம்மாவைப்போலவே நிமிராமல், "எனக்குத் தெரியும் மாமி. நீங்களா செல்லுவீங்கண்டு உம்மா செல்லீந்தாங்க" என்றாள்.

இறந்தவரிடமிருந்து நாம் எதை எடுத்துவைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி முடிப்பது வழக்கம். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது என்னுடைய பிழையைத்தான். ஒன்பது வருடம் அதை அவர் வைத்திருந்தார். அதற்காக ஒரு கதிரையை, ஒரு பிளேட்டை, ஒரு நல்ல பெயரைக் கொடுத்தார். இனி அது என்னிடம் இருக்கட்டும். மர்ழியா ராத்தா வெட்டிய ஆயிரக்கணக்கான ஸ்லைட்டுகளில் ஒரு நோயாளிக்கும் கெடுதல் நடந்ததில்லை. அவரை அறிந்தவர்களே, மடவளையிலோ கண்டியிலோ எங்காவது யாராவது 'அந்த ஒரு விஷயத்தில் மட்டும்' என்று ஆரம்பித்தால், தயவுசெய்து இடைமறித்து, அது புஷ்பராணி என்று சொல்லுங்கள்.